நன்றாக ஓடும் சர்வரை ஏன் மாற்றணும்? சென்ட்ஓஎஸ் சொல்லும் கதை

கைப்பேசி 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டால், நம்மில் பலர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவோம்.

இனிமேல் அப்டேட்டே வராது என்று சொல்லிவிட்டால்?

உலகெங்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு 2020 டிசம்பர் 8ஆம் தேதி அப்படி ஒரு செய்தி வந்தது. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8 எனும் இயங்குதளம் 2029 வரை பராமரிக்கப்படும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு சரி என்று அறிவிக்கப்பட்டது.

ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரே நாளில் காணாமல் போயின.

சென்ட்ஓஎஸ் என்றால் என்ன?

இணையத்தளம், செயலி, வங்கிச் சேவை என எதைத் திறந்தாலும் மறுமுனையில் ஒரு சர்வர் இருக்கும். அதுவும் ஒரு கணினிதான். அதற்கும் ஓர் இயங்குதளம் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் உருவானது யூனிக்ஸ். அது வேலை செய்யும் முறையைப் பின்பற்றும் இயங்குதளங்கள் பல உண்டு. 1991இல் வந்த லினக்ஸ் அவற்றில் ஒன்று. ஃபிரீபிஎஸ்டி இன்னொன்று.

லினக்ஸிலேயே பல வகைகள் இருக்கின்றன. ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸைச் சந்தா கட்டும் நிறுவனங்களுக்கு விற்கிறது. அதன் மூல நிரல் திறந்த நிரல். அந்த நிரலை எடுத்து, ரெட் ஹேட் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, மறுபடியும் கட்டி இலவசமாகக் கொடுத்ததுதான் சென்ட்ஓஎஸ். 2004இல் தொடங்கியது.

அதே சாப்பாடு, வேற தட்டு. பில் மட்டும் வராது!

2014இல் சென்ட்ஓஎஸ் திட்டத்தை ரெட் ஹேட் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019இல் ரெட் ஹேட்டை ஐபிஎம் 34 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு அந்த அறிவிப்பு வந்தது.

இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் என்றார்கள். பழைய சென்ட்ஓஎஸ், ரெட் ஹேட்டுக்குப் பின்னால் வந்தது. ஸ்ட்ரீம், ரெட் ஹேட்டுக்கு முன்னால் போவது. அடுத்து வரப்போகும் மாற்றங்கள் அதில் முதலில் வரும். ஆட்டம் காணாத ஒன்றைத் தேடி வந்தவர்களுக்கு அது வேறு பொருள்.

ஓடுதுதானே, அப்படியே விட்டால் என்ன?

2022 ஜனவரி 1ஆம் தேதி எந்தச் சர்வரும் நின்றுவிடவில்லை. அதுதான் ஆபத்து. எல்லாம் வழக்கம்போலவே தெரியும்.

அதே ஜனவரி 25ஆம் தேதி, 'பான்கிட்' எனும் பாதுகாப்புக் குறைபாடு வெளியில் வந்தது. சாதாரணப் பயனீட்டாளர் கணக்கு ஒன்று கையில் இருந்தால் போதும், முழுச் சர்வரையும் கைப்பற்றலாம். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இருந்த அந்த ஓட்டை, 2009இலிருந்தே இருந்துவந்த ஒன்று.

பராமரிப்பில் உள்ள இயங்குதளம் என்றால் திருத்தம் வரும், போட்டுக்கொள்ளலாம். காலம் முடிந்த இயங்குதளத்துக்குத் திருத்தம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். உள்ளே இருப்பதோ வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, கடவுச்சொல்.

அப்போ எங்கே போவது?

சென்ட்ஓஎஸ் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர், ராக்கி லினக்ஸை அறிவித்தார். காலமான தம் சக நிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாக வைத்த பெயர் அது. கிளவுட்லினக்ஸ் நிறுவனம் அல்மாலினக்ஸைத் தொடங்கியது. பிறகு அதை லாப நோக்கமற்ற அறநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. இரண்டும் 2021இல் வெளிவந்தன.

பெரிய இடங்களும் தப்பவில்லை. அணுத்துகள் ஆய்வு நடத்தும் அமெரிக்காவின் ஃபெர்மிலேப், சயின்டிஃபிக் லினக்ஸ் என்ற சொந்த வகையையே பராமரித்து வந்தது. இனி அதில் 8ஆம் பதிப்பு வராது, சென்ட்ஓஎஸ் 8க்கு மாறுகிறோம் என்று 2019இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே சென்ட்ஓஎஸ் கைவிட்டது. கடைசியில் 2022 டிசம்பரில் ஃபெர்மிலேபும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் அல்மாலினக்ஸைப் பரிந்துரைத்தன.

மாறுவது எவ்வளவு கஷ்டம்?

எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சென்ட்ஓஎஸ் 8இலிருந்து ராக்கிக்கோ அல்மாவுக்கோ போவது, அதே புளோக்கில் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல. அதற்கென்றே மாற்றக் கருவிகள் இருக்கின்றன. சர்வரை அழிக்காமலேயே மாற்றலாம்.

டெபியன், உபுண்டுவுக்குப் போவது வேறு பேட்டைக்குப் போவதுபோல. மென்பொருள் நிறுவும் கட்டளைகளே மாறிவிடும். அப்பாச்சி இணைய மென்பொருளின் கோப்புறைப் பெயர்கூட வேறு.

ஒரு சின்ன விஷயம் எப்படிக் காலை வாரும் என்று பாருங்கள். கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதைச் சர்வர் பெயராக அல்ல, எண்ணாகத்தான் நினைவில் வைத்திருக்கும். அப்பாச்சிக்கான கணக்கு சென்ட்ஓஎஸ்ஸில் 48, டெபியனில் 33. எண்ணை மாற்றாமல் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், தளம் திறக்கும். படம் பதிவேற்றினால் மட்டும் ஏறாது. காரணம் புரியாமல் ராத்திரி முழுக்கத் தேடவேண்டியிருக்கும்.

ஃபிரீபிஎஸ்டிக்குப் போவது இன்னும் தூரம். அது லினக்ஸே இல்லை. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் காணொளிகளை நமக்கு அனுப்பும் சர்வர்கள் அதில்தான் ஓடுகின்றன. தூரம் அதிகம் என்பதால் தப்பான இடம் என்று அர்த்தமில்லை.

மாறும் முன் செய்யவேண்டியவை

- சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். எப்போதோ யாரோ அமைத்துவிட்டுப் போன, தினமும் விடியற்காலை தானாக ஓடும் வேலைகளையும் விடவேண்டாம்.
- காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள்.
- முடிந்தால் புதிய சர்வரைப் பழையதன் பக்கத்திலேயே அமைத்துச் சோதியுங்கள்.
- இணைய முகவரிப் பதிவு நினைவில் நிற்கும் நேரத்தைச் சில நாள் முன்பே குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் மாறிய பிறகும் சிலர் பழைய சர்வருக்கே போவார்கள்.
- கடைசி நகலுக்கு முன் பழைய சர்வரில் புதிய பதிவுகளை நிறுத்துங்கள். நடுவில் வந்த ஆர்டர் காணாமல் போகக்கூடாது.
- பழையதை உடனே அழிக்காதீர்கள். திரும்பிப் போக வழி இருக்கட்டும்.

இந்தப் பட்டியலில் நேரம் அதிகம் எடுப்பது முதல் வேலைதான். புதிய இயங்குதளத்தை நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகாது. பழைய சர்வரில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதிவைக்காததால்தான் வாரக்கணக்கில் இழுக்கும்.

எனக்கு இதில் என்ன?

பள்ளித் திட்டத்துக்கோ சின்ன வியாபாரத்துக்கோ மாத வாடகையில் ஒரு லினக்ஸ் சர்வர் வைத்திருக்கிறீர்களா? அதன் 'ஈடிசி' கோப்புறையில் உள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் இருக்கும். அந்தப் பதிப்புக்கு எதுவரை ஆதரவு என்று தேடி, தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதில் சென்ட்ஓஎஸ் 7 என்று இருந்தால், அதன் காலமும் 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளையும் யாரோ உட்கார்ந்துதான் பராமரிக்கிறார்கள். அது யார், எதுவரை, யார் முடிவெடுத்தால் நின்றுபோகும் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. தேதி மாறலாம் என்பதைத்தான் சென்ட்ஓஎஸ் 8 காட்டியது. கையில் பட்டியலும் சோதித்துப் பார்த்த காப்பு நகலும் இருந்தவர்களுக்கு அந்த ஓராண்டு போதுமானதாக இருந்தது.