வங்கி பிடித்த வரியை விவசாயிகள் திரும்பப் பெறுவது எப்படி?

"விவசாயிக்கு ஏது வருமான வரி?" என்று கேட்பவர்கள் அதிகம். நெல், மஞ்சள், தேங்காய் விற்ற பணத்துக்கும், சாகுபடிக்கு விட்ட நிலத்தின் குத்தகைக்கும் வரி இல்லை என்பது உண்மைதான். 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(1) இந்த விலக்கைத் தருகிறது. ஆனால் அதே பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டால் கிடைக்கும் வட்டி, விவசாய வருமானம் ஆகாது. கறவை மாடு, கோழிப்பண்ணை, ஆடு வளர்ப்பு வருமானமும் அப்படியே.

சாலைக்கு நிலம் கொடுத்ததில் வந்த 8 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 56,000 ரூபாய். 2025-26 நிதியாண்டில் ஒரு வங்கியில் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம், அதாவது 5,600 ரூபாயை வங்கி பிடித்துவிடும். பான் எண் கொடுக்காவிட்டாலோ, பான் ஆதாருடன் இணையாமல் முடங்கியிருந்தாலோ 20 சதவீதம், 11,200 ரூபாய் போய்விடும். 60 வயது நிறைந்தவர்களுக்கு வரம்பு 1 லட்சம் ரூபாய். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் பயனில்லை. வங்கி கூட்டித்தான் பார்க்கும்.

இதில் வேதனை என்னவென்றால், இவர்களில் பலர் வரியே கட்ட வேண்டியதில்லை. புதிய வரி முறையில், விவசாயம் தவிர்த்த மொத்த வருமானம் 4 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வரி கிடையாது. அப்படிப்பட்டவர்கள் நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் சுய உறுதிமொழிப் படிவம் (2025-26 வரை 15ஜி; 60 வயது நிறைந்தவர்களுக்கு 15எச்) கொடுத்தால் பிடித்தமே இருக்காது. போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பிடித்துவிட்டார்களா? கணக்குத் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்ப வரும். முதலில் வருமான வரித்துறை இணையதளத்தில் படிவம் 26ஏஎஸ் எடுத்து, பிடித்த தொகை உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2025-26-ல் பிடித்ததற்கு, தொழில் வருமானம் இல்லாதவர்கள் 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கணினி மையங்களில் தவறு நடப்பது இங்கேதான். எல்லோருக்கும் ஐடிஆர்-1 போட்டுவிடுகிறார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஐடிஆர்-1 பொருந்தாது. வட்டியும் விவசாயமும் மட்டும் உள்ளவர்களுக்கு ஐடிஆர்-2. செலவு போக விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் எந்த மாவட்டம், எவ்வளவு பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றும் குறிப்பிட வேண்டும். சிட்டா, அடங்கல், விற்பனைக்கூட ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பால் பண்ணை போல தொழில் வருமானம் உள்ளவர்களுக்கும், மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கும் படிவமோ கணக்கோ வேறுபடும். ஆடிட்டரைப் பார்ப்பதே நல்லது.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாக்கல் செல்லாது. ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் அதே இணையதளத்தில் உறுதி செய்திருக்க வேண்டும்.