கரையோரக் கப்பல்கள்

அரிசியும் சிமெண்டும் நிலக்கரியும் ஊர்விட்டு ஊர் எவ்வாறு செல்கின்றன என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் லாரி என்போம். சிலர் கூட்ஸ் வண்டி என்போம். கப்பல் என்று விடை சொல்பவர் அரிது. கப்பல் என்றால் வெளிநாட்டுக்குச் செல்வது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். துறைமுக நகரமாகிய தூத்துக்குடியில் வாழும் நமக்கே இந்த நிலை என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் இந்தியத் துறைமுகத்தில் சரக்கை ஏற்றி, மற்றோர் இந்தியத் துறைமுகத்தில் இறக்குவதே கரையோரக் கப்பல் போக்குவரத்து. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று நெடுங்காலம் படித்து வந்தோம். வளைவு நெளிவுகளையெல்லாம் சேர்த்து அளந்த புதிய கணக்கின்படி அது 11,098 கிலோமீட்டர். இத்தனை நீண்ட கரை இருந்தும், உள்நாட்டுச் சரக்கில் நீர்வழியே செல்வது நூற்றுக்கு ஆறு பங்கு அளவில்தான் இருக்கிறது.

நீர்வழி மலிவானது என்பதில் ஐயமில்லை. ஒரு லிட்டர் எரிபொருளைக் கொண்டு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு லாரி 24 டன்னையும், இரயில் 85 டன்னையும், நீர்வழிக் கலம் 105 டன்னையும் கொண்டு செல்லும் என்பது அரசு வெளியிட்டு வரும் கணக்கு. பாரத்தைத் தண்ணீரே தாங்கிக் கொள்கிறது. சாலை போடவோ தண்டவாளம் பதிக்கவோ வேண்டியதில்லை. 40,000 டன் ஏற்றும் ஒரு கப்பலின் சரக்கைச் சாலையில் கொண்டு செல்ல, இருபது டன் ஏற்றும் லாரிகள் 2,000 வேண்டும். அத்தனை லாரிகளும் நம் பாளையங்கோட்டைச் சாலையில் வரிசையாக நின்றால் எப்படியிருக்கும்!

அப்படியானால் எல்லாச் சரக்கும் ஏன் கப்பலில் செல்வதில்லை? நம் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வரும் வழியைப் பார்த்தால் விடை விளங்கும். ஒடிசா மாநிலத்துத் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் இரயிலில் வந்து பாரதீப் துறைமுகத்தை அடைகிறது. அங்கிருந்து கப்பலில் வருகிறது. இந்த வேலைக்கென்றே தமிழக அரசு 1974-ல் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. (கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதும் இதே கழகம்தான்.) மின் நிலையத்தைத் துறைமுகத்தை ஒட்டியே கட்டியதால், இறங்கிய நிலக்கரி லாரியைப் பார்க்காமலே கன்வேயர் பெல்ட்டில் ஏறி உள்ளே சென்றுவிடும். இரும்புப் பாதை முடியும் இடத்தில் கப்பல், கப்பல் நிற்கும் இடத்தில் கொதிகலன். இதனால்தான் இங்குக் கடல்வழி வெற்றி பெற்றது.

மற்றச் சரக்குகளுக்கு இந்த வசதி இல்லை. குஜராத்தில் மோர்பி என்னும் ஊரில் செய்யப்படும் தரை ஓடுகள் நம் பகுதிக்குக் கப்பலில் வருவதுண்டு. ஆலையில் லாரியில் ஏற்ற வேண்டும். துறைமுகத்தில் கிரேன் தூக்க வேண்டும். இங்கே மீண்டும் கிரேன், மீண்டும் லாரி. கடலில் மிச்சமான பணம் இரு கரைகளிலும் கரைந்து போகிறது. கப்பல் திரும்பிச் செல்ல மறுசரக்கு கிடைக்காவிட்டால், இரு வழிச் செலவும் ஒரு வழிச் சரக்கின் தலையில் விழும். கப்பல் நாள் தவறாமல் வந்தால் சரக்குத் தருவோம் என்கிறார் வணிகர். சரக்கு உறுதியானால் நாள் தவறாமல் விடுவோம் என்கிறார் கப்பல்காரர். லாரியோ கூப்பிட்ட மறுநாளே வாசலில் வந்து நிற்கிறது.

இந்தத் தொல்லைக்கு ஒரு நல்ல வழி, லாரியையே கப்பலில் ஏற்றிவிடுவது. குஜராத்தில் கோகாவுக்கும் ஹசீராவுக்கும் இடையே 2020 நவம்பரில் அத்தகைய சேவை தொடங்கப்பட்டது. சாலை வழியே 370 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய தூரம், வளைகுடாவைக் குறுக்கே கடந்ததால் 90 கிலோமீட்டராகக் குறைந்தது.

நமக்கோ குறுக்கு வழி இல்லை. பாக் நீரிணையிலும் ஆதாம் பாலத்திலும் கடல் ஆழமற்றது. அதனால் பாரதீப்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் பெரிய கப்பல், இலங்கைத் தீவை முழுவதும் சுற்றிக்கொண்டே தூத்துக்குடியை அடைகிறது. அங்கே கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கி, பாதியில் நின்றது. பயணம் குறையும் என்றார்கள் ஒருசாரார். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் மீன்பாடும் கெடும் என்றார்கள் மற்றொரு சாரார். வள்ளத்தில் கடலுக்குச் செல்வோரின் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருப்பதால், இரண்டாவது பேச்சை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

சட்டமும் மாறியிருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டப்படி, இந்தியக் கரையோரத்தில் சரக்கு ஏற்ற வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமம் பெற வேண்டியிருந்தது. 2018-ல் சில சரக்குகளுக்கு அது தளர்த்தப்பட்டது. 2025-ல் கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இந்தியக் கப்பல்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை என்கிறது அச்சட்டம். கரையோரத்துக்கும் உள்நாட்டு நீர்வழிகளுக்கும் சேர்த்து ஒரு தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. துறைமுகங்களில் கரையோரச் சரக்குக்குத் தனித் தளமும், துறைமுகம் வரை இரயில் பாதையும் அத்திட்டத்தில் முதலிடம் பெற வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கப்பல்கள் பெருகும்போது அவை எந்த வழியே செல்லும் என்பதை மீனவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். இரவில் விரித்த வலையைக் கப்பல் அறுத்துச் சென்றால், அந்த நட்டம் எந்தச் சரக்குக் கட்டணத்திலும் கணக்கில் வருவதில்லை.