இங்கிலாந்துக் கிராமத்தின் அறிவிப்புப் பலகை



சென்ற மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, இங்கிலாந்துல கிராமம்னு ஒண்ணு இருக்கா? இல்ல எல்லாமே லண்டன் மாதிரி டவுன்தானா? அங்க பொம்பளைங்க கூட்டம் கீட்டம் போடுவாங்களா?" நல்ல கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

கிராமம் நிறையவே இருக்கிறது. முந்நூறு பேர், ஐநூறு பேர், ஆயிரம் பேர் வாழும் ஊர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பழைய கல் சர்ச் ஒன்று, ஒரு பொதுக்கூடம், பிள்ளைகள் விளையாட ஒரு புல்வெளி, கொடுத்துவைத்த ஊராக இருந்தால் ஒரு கடையும் 'பப்' என்கிற மதுக்கடையும் இருக்கும். இவற்றோடு கண்டிப்பாக ஒரு அறிவிப்புப் பலகையும் இருக்கும். மழை படாமல் இருக்கக் கண்ணாடி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். அந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்தப் பலகையைத்தான் படிக்க வேண்டும். வாங்க, படிப்போம்.

பலகையில் முதலில் கண்ணில் படுவது பாரிஷ் கவுன்சில் கூட்ட அறிவிப்பு. பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. முன்பு ஊர்க்காரியங்களைச் சர்ச் சபையே பார்த்து வந்தது. 1894-ல் வந்த ஒரு சட்டம் அதை மாற்றி, ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலை உண்டாக்கியது. இங்கிலாந்தில் இப்போது இப்படிச் சிற்றூர், சிறுநகரக் கவுன்சில்கள் சுமார் 10,000 இருக்கின்றன. தெரு விளக்கு, பஸ் நிறுத்த நிழற்கூரை, விளையாட்டுத் திடல், இடுகாடு, நடைபாதை, காய்கறி போட வாடகைக்கு விடும் சிறு தோட்டத் துண்டுகள் எல்லாம் இவர்கள் பார்க்கும் வேலைகள். உறுப்பினர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்குவதில்லை. எழுத்தர் ஒருவருக்குத்தான் சம்பளம். செலவுக்கு வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலாகி வருகிறது.

இதில் நம் கவனத்துக்குரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த 1894 சட்டப்படி, தகுதி இருந்த பெண்கள் பாரிஷ் கவுன்சிலுக்கு ஓட்டுப் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம். கல்யாணமான பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு. நாட்டின் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை அவர்களுக்கு 1918-ல்தான் வந்தது. அதுவும் 30 வயதுக்கு மேல், சில நிபந்தனைகளோடு. ஆண்களுக்குச் சமமாக ஓட்டுரிமை கிடைத்தது 1928-ல். அதாவது, நாட்டுக் கதவு திறப்பதற்கு 24 வருஷம் முன்பே ஊர்க் கதவு திறந்துவிட்டது.

கவுன்சில் கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்பே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இது சட்டம். பலகைக்குப் பூட்டு போட்டிருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? இது தவிர, வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில் ஊர்ப் பொதுக்கூட்டம் நடக்கும். ஓட்டுரிமை உள்ள யாரும் எழுந்து பேசலாம். அவசரமான பிரச்சினை என்றால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர் வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே பொதுக்கூட்டம் கூட்டிவிடலாம். ஆறே பேர்! நம் குழுவில் பாதிகூட இல்லை.

அடுத்த காகிதங்கள் எல்லாம் நிகழ்ச்சிகள். செவ்வாய்க்கிழமை காலை காப்பி, பழைய துணி-சாமான் விற்பனை, குலுக்கல் சீட்டு, ஜூன் ஜூலையில் கோடைத் திருவிழா, ஆகஸ்ட் செப்டம்பரில் பூ-காய்கறிப் போட்டி, அறுவடை முடிந்ததும் ஊர் விருந்து, நவம்பர் 5 இரவு பெரிய சொக்கப்பனை போல நெருப்பு மூட்டிப் பட்டாசு, நவம்பர் 11-ஐ ஒட்டிப் போரில் இறந்த ஊர்ப் பையன்களின் பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால் இரண்டு நிமிட மௌனம்.

கோடைத் திருவிழாவில் கேக் கடை இருக்கும், செடிக் கடை இருக்கும், கயிறு இழுக்கும் போட்டி இருக்கும். 'இந்தக் கேக்கின் எடை எவ்வளவு, சொல்லுங்கள்' என்று ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். காசு கொடுத்து எடையைச் சொல்ல வேண்டும்; சரியாகச் சொன்னவருக்குக் கேக். காய்கறிப் போட்டியில் மிக நீளமான பீன்ஸ், மிகப் பெரிய பூசணி, ஒரே அளவான மூன்று வெங்காயம் என்று தனித்தனிப் பரிசு. ஜாம் போட்டி நடுவர்கள் ருசி மட்டும் பார்ப்பதில்லை. பாட்டில் நிறைய இருக்கிறதா, லேபிளில் தேதி இருக்கிறதா, மூடியில் ஏதாவது கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்து மார்க் குறைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு முதல் பரிசு போய்விட்டால் அந்த மனவருத்தம் லேசில் தீராது. எந்த ஊராக இருந்தால் என்ன!

விளையாட்டுப் போல இருக்கிறது அல்லவா? ஆனால் அறிவிப்பின் கடைசி வரியைப் படித்தால் விஷயம் விளங்கும். 'வசூலாகும் தொகை ஊர்க்கூடத்தின் கூரைக்கு.' அங்குள்ள ஊர்க்கூடங்களில் பல முதல் உலகப் போருக்குப் பிறகு, இறந்தவர்கள் நினைவாகக் கட்டப்பட்டவை. பெரும்பாலும் அவை தர்ம சொத்து. ஊர்க்காரர்களின் குழு ஒன்று சம்பளம் இல்லாமல் நிர்வாகம் செய்யும். கூரை ஒழுகினால் அரசாங்கம் வந்து தானாக ஓடு மாற்றாது. அந்தக் கூடம் போனால் குழந்தைகள் வகுப்பு, வயசானவர்கள் மதியச் சாப்பாடு, வாக்குச்சாவடி, கல்யாண விருந்து எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஆகவே கேக்கின் எடையைச் சொல்ல ஒருவர் கொடுக்கும் காசு, கூரைக்கு ஓடாகிறது.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட காகிதத்துக்கு வருகிறேன். பலகையின் ஒரு மூலையில் 'டபிள்யூ.ஐ. மாதக் கூட்டம், ஊர்க்கூடம், மாலை 7.30' என்று இருக்கும். விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்பதன் சுருக்கம் அது. நாம் மாதர் சங்கம் என்று வைத்துக்கொள்வோம்.

இது பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, கனடாவில். அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணியின் கைக்குழந்தை 1889-ல் இறந்துபோனது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். சுத்தம், சமையல், பிள்ளை வளர்ப்பு இவற்றைப் பெண்கள் கூடிக் கற்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1897-ல் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் முதல் சங்கம் தொடங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டனில் உணவு நெருக்கடி வந்தபோது, கனடாவிலிருந்து வந்திருந்த மேட்ஜ் வாட் என்பவர் இந்த யோசனையை அங்கே கொண்டுவந்தார். 1915 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டில் முதல் சங்கம். அதே வருஷம் நவம்பர் 9-ல் இங்கிலாந்தின் முதல் சங்கம், சசெக்ஸ் மாவட்டத்தில் சிங்கிள்டன் வட்டாரப் பெண்களுக்காகக் கூடியது. எங்கே கூடினார்கள் தெரியுமா? சார்ல்டன் என்ற ஊரில் இருந்த மதுக்கடையின் பின்னறையில்! சாராயக்கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த நம் அக்காமார்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வேறு இடம் கிடைக்காவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப்போடாமல் கிடைத்த இடத்தில் நடத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சங்கத்தில் சேமிப்பும் கடனும் கிடையாது. வருஷச் சந்தா உண்டு. மாதம் ஒரு கூட்டம், தலைவி, செயலாளர், பொருளாளர், தீர்மான நோட்டு, சிறப்புப் பேச்சு, டீ என்று நமக்குப் பழக்கமான முறைதான். ஆரம்பத்திலிருந்தே ஒரு விதியைக் கறாராக வைத்திருந்தார்கள்: நிர்வாகக் குழுவை ரகசிய ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1917-ல் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து கூட்டமைப்பு ஆனபோது தலைவியாக வந்த டென்மன் சீமாட்டி, 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர், இதில் பிடிவாதமாக இருந்தார். பாராளுமன்ற ஓட்டே இல்லாத காலத்தில், கிராமத்துப் பெண்கள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுச் சீட்டைத் தொட்டது இந்தச் சங்கத்தில்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும்: ரகசிய ஓட்டுப் போட்டாலும், பல ஊர்களில் பண்ணை வீட்டு அம்மாவே தலைவியாக வந்துகொண்டிருந்தார். சட்டம் வந்த அன்றைக்கே பழக்கம் மாறிவிடுவதில்லையே.

இவர்களை 'ஜாம் போடும் கூட்டம்' என்று கேலி பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. ஜாம் போட்டது நிஜம்தான். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன். தோட்டங்களில் பழம் விழுந்து அழுகிக்கொண்டிருந்தது. அரசாங்கம் சங்கங்களுக்குத் தனியாகச் சர்க்கரை ஒதுக்க, கூடங்களிலும் சமையலறைகளிலும் பெண்கள் கூடி வேலை செய்தார்கள். 1940-லிருந்து 1945 வரை கெடாமல் பதப்படுத்திய பழம் 5,300 டன்னுக்கு மேல். கிண்டியவர்கள் அதை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. அவர்களும் கடைக்குப் போய் ரேஷன் அளவுக்குத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அதே கைகள் இன்னொரு வேலையும் செய்தன. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கிராமங்கள் பலவற்றில் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஊர்க் கிணற்றிலும் அடிபம்பிலும் வாளி வாளியாகச் சுமந்தார்கள். கழிவுநீர்க் குழாய் இல்லை. பள்ளிக்கூடத்தில்கூட வாளிக் கழிப்பறை. 'வெள்ளைக்காரங்க ஊர்லயுமா?' என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கேயும்தான், பெண்கள்தான் சுமந்தார்கள். சங்கப் பெண்கள் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. எத்தனை வீட்டுக்குக் குழாய் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் என்ன நிலைமை என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, கூட்டமைப்பு மூலம் 1944-ல் வெளியிட்டார்கள். கிராமக் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் அரசாங்கப் பணம் ஒதுக்கும் சட்டமும் அந்த வருஷம்தான் நிறைவேறியது.

ஒரு சின்ன ஊர்க் குழுவின் பேச்சு நாடு வரை போவது எப்படி? ஒரு சங்கம் தீர்மானம் எழுதி அனுப்பும். வந்தவற்றில் எது முக்கியம் என்று எல்லாச் சங்க உறுப்பினர்களும் தேர்ந்தெடுப்பார்கள். தேறியது ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகும். அதற்கு முன் ஒவ்வொரு ஊர்க் கூட்டத்திலும் அதை அலசி, பிரதிநிதியிடம் 'இப்படி ஓட்டுப் போடு' என்று சொல்லி அனுப்புவார்கள். நிறைவேறினால் நாடு முழுக்க எல்லாச் சங்கத்துக்கும் அது வேலை. சம வேலைக்குச் சம கூலி என்று 1943-ல் தீர்மானம் போட்டார்கள். கண்ட இடத்தில் குப்பை போடுவதை எதிர்த்து 1954-ல் போட்ட தீர்மானத்திலிருந்து பிரிட்டன் முழுக்க ஒரு தூய்மை இயக்கமே பிறந்தது. 2009-ல் தேனீக்கள் அழிவதைப் பற்றி, 2012-ல் பிரசவம் பார்க்கும் நர்சுகள் போதவில்லை என்று.

வருமானத்துக்கும் வழி தேடினார்கள். 1919-ல் லூயிஸ் என்ற ஊரில் முதல் சந்தை தொடங்கினார்கள். வீட்டில் மிஞ்சிய முட்டை, காய், கேக், பூ எல்லாம் ஒரே மேஜையில். விற்ற கணக்கைப் பார்த்து அவரவர் பங்கு அவரவருக்கு. பின்னாளில் இது கூட்டுறவாகப் பதிவானது. பங்குத் தொகை ஒரு ஷில்லிங், இன்றைய 5 பென்ஸ். ஏழைப் பெண்ணும் சேரட்டும் என்றே அவ்வளவு குறைவு. 1995-லிருந்து இந்தச் சந்தைகள் தனி அமைப்பாக நடக்கின்றன.

பலகையில் இன்னொரு காகிதம்: 'கடைக்கு ஆள் தேவை, வாரம் இரண்டு மணி நேரம்.' சம்பளம் இல்லாத வேலை. கார் வைத்திருப்பவர்கள் டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கியதும் கிராமக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கடையோடு அதில் இருந்த தபால் நிலையமும் போனது. கார் ஓட்டாத பாட்டிக்குப் பாலுக்கும் பென்ஷனுக்கும் பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸும் வாரத்தில் சில நாள்தான். அப்போது பல ஊர்களில் மக்களே பங்கு போட்டுக் கடையை வாங்கினார்கள். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. ஒரு மேலாளருக்குச் சம்பளம், மற்ற நேரம் ஊரார் முறை வைத்து நிற்கிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான கடைகள் நடக்கின்றன. 2011-ல் வந்த ஒரு சட்டம், ஊருக்குத் தேவையானது என்று பட்டியலில் சேர்த்த கடையையோ பப்பையோ விற்க வந்தால், பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. ஆனால் ஊராருக்கே விற்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆறு மாதம் கழித்துக் கைவிட்டுப் போன கட்டடங்களும் உண்டு.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். பணக்காரர்கள் விடுமுறைக்கு வந்துபோக வீடு வாங்குவதால் விலை ஏறி, உள்ளூர் இளம் ஜோடிக்கு வீடு கிடைப்பதில்லை. கூட்டத்துக்கு வருவது, நாற்காலி அடுக்குவது, டீ போடுவது எல்லாம் அதே பத்துப் பேர்தான், அவர்களுக்கும் வயசாகிறது. மாதர் சங்கங்களில் புதிதாகத் தொடங்குவனவும் உண்டு. தலைவி, செயலாளர், பொருளாளர் பொறுப்புக்கு யாரும் முன்வராமல், வங்கிக் கணக்கை முடித்து, தீர்மான நோட்டுகளை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்து மூடியவையும் உண்டு. அதனால்தான் ஆண்டுக் கூட்டம் நெருங்கும் மாதத்தில் அந்தக் கண்ணாடிப் பலகையில் அடிக்கடி பார்க்கக்கூடிய அறிவிப்பு இது: 'செயலாளர் தேவை. அனுபவம் வேண்டியதில்லை. டீயும் கேக்கும் உண்டு.'