ஷாங் காலத்து நான்கு ஆட்டுத்தலைச் சதுரக்கலம்: வார்ப்பும் பொருளும்

முன்னுரை

பண்டைச் சீனத்தில் ஷாங் அரச மரபின் காலத்தில் முன்னோர் வழிபாட்டில் மது படைப்பதற்கென வெண்கலக் கலங்கள் வார்க்கப்பட்டன. அவற்றுள் ‘சுன்’ எனப்படும் அகன்ற வாயுடைய கலவகையைச் சார்ந்தது நான்கு ஆட்டுத்தலைச் சதுரக்கலம். அம்மரபின் பிற்காலத்தைச் சார்ந்த இக்கலம் 1938-இல் ஹூனான் மாகாணத்தின் நிங்சியாங் பகுதியில் உழவர்களால் கண்டெடுக்கப்பட்டது. போர்க்காலக் குண்டுவீச்சில் உடைந்து, 1950களில் செப்பனிடப்பட்டு, இன்று பெய்ஜிங்கிலுள்ள சீனத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் விலங்குத் தலைகள் அணியா, குறியீடா என்னும் வினாவை, வார்ப்புமுறையையும் கிடைத்த இடத்தையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைப்பும் வார்ப்பும்

கலத்தின் உயரம் 58.3 செ.மீ.; எடை ஏறத்தாழ 34.5 கிலோ. தோளின் நான்கு மூலைகளிலும் சுருள்கொம்புடைய ஆட்டுத் தலைகள் வெளிநோக்கி நீள்கின்றன. ஆட்டின் மார்பு கலத்தின் வயிற்றோடும், கால்கள் அடிப்பீடத்தோடும் ஒன்றியுள்ளன. ஈராடுகளுக்கு இடையில், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு டிராகன் தலை உள்ளது.

இது மெழுகு வார்ப்பன்று. களிமண் மாதிரியின்மேல் ஈரக்களிமண்ணை அழுத்தி, அதனைத் துண்டுகளாக அறுத்தெடுத்து, உட்கருவைச் சுற்றிப் பொருத்தி, இடைவெளியில் உலோகக் குழம்பு ஊற்றப்பட்டது. கொம்புகளும் டிராகன் தலைகளும் முன்னரே தனியே வார்க்கப்பட்டு, அச்சினுள் பொருத்தப்பட்டு, உடலோடு இணைக்கப்பட்டன. அச்சுத் துண்டுகள் கூடுமிடத்தில் தோன்றும் பிசிறு, மூலைகளிலும் பக்க நடுவிலும் நிற்கும் விளிம்புப் பட்டைகளால் மறைக்கப்பட்டது. எனவே விலங்குருவம் பின்னர் ஒட்டிய ஒப்பனையன்று. முதல் மாதிரியிலேயே கலத்தின் உடலாகத் திட்டமிடப்பட்டது.

பொருள் பற்றிய கருத்துகள்

ஷாங் வெண்கல விலங்குருக்கள் வடிவ வளர்ச்சியின் விளைவே, அவற்றுக்கு முன்கூட்டிய பொருள் இல்லை என்பது மாக்ஸ் லோரின் கருத்து. அவை வானுக்கும் மண்ணுக்கும் இடையே பூசகருக்குத் துணைநின்றவை என்பது குவாங்-சி சாங்கின் கருத்து. ஆட்டைப் பலியிட்ட செய்தி ஆன்யாங் எலும்புப் பொறிப்புகளில் உண்டு. ஆயினும் அப்பொறிப்புகள் மஞ்சளாற்று வட்டாரத் தலைநகருக்கு உரியவை. நிங்சியாங்கோ யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ளது. ஆன்யாங் கலங்கள் பெரும்பாலும் கல்லறைகளில் கிடைக்க, ஹூனானில் பல கலங்கள் மலைச்சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் தனித்துப் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்துள்ளன. கலவடிவம் ஒன்றாயினும் சடங்கு ஒன்றென்று கொள்ள இதனால் இயலாது.

முடிவுரை

ஆட்டுத் தலைகள் கலத்தின் உடலோடு பிரியாது அமைந்தமையால் ‘அணி’ என்னும் சொல் அவற்றுக்குப் போதாது. அவை கருதிப் படைக்கப்பட்டவை என்பதை வார்ப்புமுறை உணர்த்துகிறது. கருதிய பொருள் யாது என்பதை அது உணர்த்தாது. அதனை உணர்த்தவல்ல புதைநிலைச் சான்று, முறையான அகழாய்வின்றிக் கலம் வெளிப்பட்டபோதே இழக்கப்பட்டது. தலைநகரின் பொறிப்புகளைத் தென்னகக் கலத்தின்மேல் ஏற்றி அவ்விடைவெளியை நிரப்புவது ஆய்வு நெறியாகாது.