இடைவெளியும் பாடம் நடத்தும்

1971 ஜனவரியில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் பாடங்களைத் தொடங்கியபோது, அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். அஞ்சலை நம்பியே பிறந்த பல்கலைக்கழகம் அது. ஏறத்தாழ 24,000 பேர் பதிவு செய்துவிட்டுப் பாடநூல்களுக்காகக் காத்திருந்தார்கள். அவற்றைப் பல்கலைக்கழகம் வேறு வழிகளில் அனுப்பிச் சமாளித்தது.

1963-இல் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் இந்தத் திட்டத்தை முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியவர் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான அமைச்சர் ஜென்னி லீ. சேர்வதற்குப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் முடிக்கும்போது கிடைக்கும் பட்டம் மற்றப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கு ஒரு மாற்றும் குறையக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். முதல் ஆண்டு மாணவர்களில் பள்ளி ஆசிரியர்கள் அதிகம். பகலில் வகுப்பெடுத்துவிட்டு இரவில் தாங்களே மாணவர்களானார்கள்.

தபாலில் பாடநூல், பிபிசியில் ஒளிபரப்பு, பக்கத்து ஊர் மையத்தில் ஆசிரியருடன் சந்திப்பு, கோடையில் ஒரு வாரம் ஏதாவதொரு வளாகத்தில் தங்கிப் படிப்பு என்று நான்கையும் பின்னினார்கள். அறிவியல் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடமே பெட்டியில் வந்தது. அதில் கையடக்கமான பிளாஸ்டிக் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. போர்னியோவில் மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் ஜான் மெக்ஆர்தரின் வடிவமைப்பு அது. வழக்கமான நுண்ணோக்கியின் நெடுங்குழாய் இதில் இல்லை. கண்ணாடித் தகட்டைக் குப்புற வைத்தால் லென்ஸ் அடியிலிருந்து பார்க்கும். ஒளி உள்ளுக்குள்ளேயே மடங்கித் திரும்பிக் கண்ணுக்கு வரும். சமையலறை மேசையில், பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, வெங்காயத் தோலின் செல்லைப் பார்க்கலாம்.

எல்லாம் சரி, எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த மூளைக்குள் பாடம் ஏறுமா? வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் ஒவ்வொருவரையும் அரிக்கும் கேள்வி இது. இதற்கு நினைவாற்றல் ஆய்வு தரும் பதில் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஜெர்மனியின் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பல நாட்களுக்குப் பரப்பிப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்பதையும் அவர் கண்டார். 2008-இல் 1,350க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, முதல் படிப்புக்கு மறுநாள் மறுபடி பயின்றவர்கள் முந்தினார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் சோதித்தபோது முந்தியவர்களோ, மூன்று வாரம் இடைவெளி விட்டுப் பயின்றவர்கள். நெடுநாள் நிற்க வேண்டிய பாடத்துக்கு, சற்று மறந்துபோகும் அளவுக்கு அவகாசம் தேவைப்படுகிறது.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு குழு. ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு குழு. ஐந்து நிமிடத்தில் கேட்டால் முதல் குழுவுக்கே வெற்றி: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதமே நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. படித்ததைத் தேடி வெளியே இழுக்கும் அந்தச் சிரமமே நினைவை உறுதியாக்குகிறது.

ஆகவே செவ்வாய் இரவு முக்கால் மணி நேரம், பிறகு வெள்ளிக்கிழமைதான் அடுத்து என்று படிக்கிறவர் தாழ்ந்தவரல்லர். நடுவில் வரும் வேலை நாட்களும் தூக்கமும் அவருக்குச் சாதகமாகவே இருக்கின்றன. ஒரே நிபந்தனை: அந்த இடைவெளிக்குப் பின் யாராவது கேள்வி கேட்க வேண்டும், எழுதியதைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் அச்சாணியாக வைத்தது ஒப்படைப்புகளைத்தான். ஆசிரியர் மதிப்பெண்ணோடு ஓரத்தில் விரிவாகக் குறிப்பும் எழுதி அனுப்புவார். முகம் பார்க்காத மாணவருக்கு அந்தக் குறிப்பே வகுப்பு.

அஞ்சல்வழிப் படிப்பை ‘கரஸ்ல டிகிரி’ என்று நம் ஊரில் இளக்காரமாகச் சொல்வதுண்டு. அந்த இளக்காரத்துக்குக் காரணம் தூரம் அல்ல, நிர்வாகம். இரண்டு மணி நேர வகுப்பை அப்படியே வீடியோவாக ஏற்றிவிட்டு, சனி ஞாயிறு முழுக்க நேரடி வகுப்பில் உட்கார வைத்து, ஆண்டு இறுதியில் ஒரே தேர்வு வைத்தால், படிப்பு ஐந்து நிமிட நினைவோடு நின்றுவிடும். நேரில் சந்திக்கும் அரிய மணி நேரத்தை விரிவுரைக்குச் செலவிடுவது பெரிய வீண். ஆய்வு, விவாதம், தவறு திருத்தல் ஆகியவற்றுக்குத்தான் எதிரில் மனிதர் வேண்டும்.

சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் படிப்பு, வேலை பார்ப்பவர்களும் சேரக்கூடியது. அதன் அட்டவணையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். முதல் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம் கிடைக்கும். பிறகு வாரந்தோறும் காணொளி. வாரந்தோறும் கெடு வைத்த ஒப்படைப்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை மையத்துக்கு நேரில் போய் எழுதும் வினாத்தேர்வு, கடைசியில் பருவத் தேர்வு. மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் ஒப்படைப்புக் கெடு வந்தால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் வாரக் கெடுவை எடுத்துவிடக் கூடாது என்பேன். வேலைக்குப் போகிறவருக்கு, பாதி மறந்த பாடத்தை மறுபடி தேடிப் பிடிக்க வைப்பது அதுதான்.