சாரதியும் சற்று உறங்கட்டும்

நாம் உண்ணும் சோற்றுக்காக உழவர் சிந்தும் வியர்வையைப் பற்றிப் பேசாதார் இல்லை. அந்த நெல்லையும் அரிசியையும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதற்காக லொறிச் சாரதி கண்விழித்துக் கழிக்கும் இரவுகளைப் பற்றிப் பேசுவாரோ மிகச் சிலர். உழவர் களைத்தால் வரப்பில் அமர்வார். தச்சர் களைத்தால் உளியைக் கீழே வைப்பார். சாரதி களைத்தால் என்ன செய்வார்? அவர் கையிலுள்ள கருவி பத்துத் தொன் பாரத்துடன் ஓடிக்கொண்டிருக்கிறதே! இவ்வாரம் அவரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நாவிதன்வெளிப் பிரதேசம் நெல்லின் நாடு. 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் உருவாகி, அதன் நீர் கிழக்கு நோக்கிப் பாயத் தொடங்கிய பின்னர், இப்பகுதியின் விளைச்சல் பன்மடங்காயிற்று. அன்னமலை, சவளக்கடை, சொறிக்கல்முனை, மத்திய முகாம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த வட்டைகளிலே பெரும்போக அறுவடை நடைபெறும் மாசி, பங்குனி மாதங்களில் வீதியெங்கும் லொறிகளே காட்சியளிக்கும். கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்தைத் தடுத்த மாரிகள் பல. வழி திறந்ததும், தங்கிப்போன சரக்கனைத்தையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட எல்லோரும் அவசரப்படுவர். அந்த அவசரத்தின் சுமையும் ஈற்றில் சாரதியின் கண்ணிமைகளின் மீதே வந்து விழுகின்றது.

ஓர் இரவின் கணக்கு

ஒரு நடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாரதி காலை ஐந்து மணிக்குத் துயிலெழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்பகல் முழுவதும் லொறியின் சில்லு, எண்ணெய், பிரேக் ஆகியவற்றைச் சரிபார்ப்பதில் கழிகிறது. பிற்பகலில் அரிசி ஆலையின் வாசலில் முறை வரும்வரை காத்திருக்கிறார். மூடைகளை ஏற்றிப் படங்கு கட்டி முடிக்க மாலை ஏழு மணியாகிவிடுகிறது.

மேல்மாகாணத்துச் சந்தைக்குச் செல்லும் வழி 300 கிலோமீற்றர் அளவினது. அம்பாறை, உகன, மகாஓயா, பதியத்தலாவை என்று இருளினூடே சென்று மகியங்கனையை அடைய வேண்டும். அதன்பின் பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைப்பாதையில் ஏறிக் கண்டியைச் சேர வேண்டும். அங்கிருந்து கடுகண்ணாவை இறக்கம். பாரம் ஏற்றிய லொறி மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீற்றர் வீதம் சென்றாலே பெரிது. ஆகவே, மரந்தகஹமுல அரிசிச் சந்தையை அவர் சென்றடையும்போது மீண்டும் காலை ஐந்து மணியாகிவிடுகிறது. இருபத்துநான்கு மணி நேரம் கண்மூடாமல் கழிந்துவிட்டது! மூடை இறங்கியதும் வேறொரு சரக்கை ஏற்றிக்கொண்டு அன்றே ஊர் திரும்ப வேண்டுமென்றால் அவர் நிலை என்னவாகும்?

மீன் லொறிகளின் அவசரம் இதனினும் பெரிது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் கரைகளில் ஏறும் மீன், பேலியகொடைச் சந்தையில் விடியுமுன் இருக்க வேண்டும். பனிக்கட்டி உருகுமே தவிர, சாரதிக்காகக் காத்திராது.

பலூனுக்கு அகப்படாத மயக்கம்

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பர் விஞ்ஞானிகள். அதன்படி நித்திரை நம்மை மிக வலிமையாக இழுப்பது பின்னிரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட வேளையிலாகும். பிற்பகலிலும் ஒருமுறை சிறு தளர்ச்சி தோன்றும். மேலே நாம் கண்ட கணக்கின்படி, லொறி கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்குவது ஏறக்குறையப் பின்னிரவு இரண்டு மணியளவிலன்றோ? வழியிற் கடினமான பகுதியும், உடலின் மிகப் பலவீனமான நேரமும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன.

1997ஆம் ஆண்டில் டோசன், ரீட் என்னும் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் மனமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையவை போலத் தடுமாறுகின்றன என்றும், 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்கு ஒப்பாகும் என்றும் அவர்கள் கண்டனர். இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்துள்ள எல்லை 0.08 வீதம். எனவே, மதுவை ஒருநாளும் தொட்டறியாத நல்லொழுக்கமுள்ள சாரதிகூட, இரவு முழுவதும் விழித்தபின், குடித்துவிட்டு ஓட்டுபவருக்குச் சமமாகிவிடுகிறார். மது அருந்தியவரைப் பொலிஸார் பலூன் ஊதச் செய்து பிடித்துவிடலாம். நித்திரையைக் கண்டுபிடிக்கும் பலூன் எதுவும் அவர்கள் கையில் இல்லை.

நான்கே நான்கு விநாடி கண்ணயர்ந்தால் என்ன நிகழும்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் லொறி 66 மீற்றர் தூரம் ஓடிவிடும். இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக நட்ட தென்னைகளில் எட்டினைக் கடந்துவிடும். அத்தூரம் முழுவதும் அதனைச் செலுத்துபவர் எவருமில்லை! பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்றனர் முன்னோர். நித்திரைக்கு மலை வளைவும் தெரியாது.

முன்னாளிலும் இரவுப் பயணம் இருந்ததே என்று சிலர் கேட்கலாம். இருந்தது. ஆனால், வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் மாடுகள் விழித்திருந்தன. அவற்றுக்கு வழி தெரிந்திருந்தது. மாடு களைத்தால் அதன் நடையே காட்டிக்கொடுக்கும். உடனே வண்டியை அவிழ்த்து, வைக்கோலும் தண்ணீரும் வைத்து, அம்பலத்திலோ மடத்திலோ தங்குவர். லொறியின் இயந்திரமோ களைப்பதில்லை. அது களைக்காததனால், அதனைச் செலுத்தும் மனிதரும் களைக்கமாட்டார் என்று நாம் எண்ணத் தொடங்கிவிட்டோம்.

சட்டங்கள் கண்ட வழி

இத்தவற்றை உலகம் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தது. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், பார வாகனச் சாரதி தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் மொத்தம் 11 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டலாகாது என்றும், அவருக்குத் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. சர்வதேசத் தொழில் தாபனம் 1979ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 153ஆம் இலக்கச் சமவாயம், ஒரே தொடர்ச்சியில் நான்கு மணி, நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரமொன்றுக்கு 48 மணி என ஓட்டும் நேரத்தை மேலும் சுருக்கிற்று.

அயலிலுள்ள இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவையும், ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி நேர இடைவேளையையும் வகுத்தது. எனினும், ஐந்து தொழிலாளர்களேனும் உள்ள நிறுவனங்களையே அது கட்டாயமாகக் கட்டுப்படுத்தியது. நாமக்கல் போன்ற லொறித் தொழில் செழித்த ஊர்களிலும், ஒரு லொறி, இரண்டு லொறி வைத்திருப்போர் பலரன்றோ? தம் லொறியைத் தாமே ஓட்டுபவருக்கு எசமானும் அவரே, தொழிலாளியும் அவரே. லீசிங் தவணை வாசலில் வந்து நிற்கும்போது, ஓய்வெடு என்று அவருக்குச் சொல்வார் யார்?

காத்திருப்பும் வேலையே

இங்கே வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கூறிய 1930ஆம் ஆண்டுச் சட்டம், வாகனத்துக்காகவோ அதன் பாரத்துக்காகவோ சாரதி செய்யும் பிற வேலைகளின் நேரத்தையும் ஓட்டிய நேரமாகவே கணக்கிட வேண்டும் என்றது. மூடை ஏற்றுவதும் படங்கு கட்டுவதும் ஓய்வல்ல என்பதை அச்சட்டத்தை இயற்றியோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். நம்மவர் பலர் இன்னும் இதனை உணரவில்லை. ‘பிற்பகல் முழுவதும் சும்மாதானே நின்றார்’ என்கிறோம். ஆலை வாசலில் முறை தவறிவிடுமோ என்று விழித்து நிற்பது உறக்கமாகுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டில் இயற்றிய 561ஆம் இலக்க ஒழுங்குவிதி இன்னும் ஒருபடி முன்சென்றது. நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட இடைவேளை என்று வகுத்ததோடு அது நிற்கவில்லை. வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்து விளையும் வகையில், சென்ற தூரத்துக்கும் ஏற்றிய பாரத்துக்கும் ஏற்பக் கூலி கொடுப்பதைத் தடைசெய்தது. சரக்கை அனுப்புவோரும் அவ்விதிகளுக்கு இணங்கவே பயண நேரத்தை ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றது. பழி முழுவதையும் சாரதியின் தலையிற் சுமத்தாமல், அவசரப்படுத்துவோரையும் சேர்த்துப் பிணித்தது.

நாம் வலியுறுத்த விரும்புவதும் இதுவே. சாரதியின் ஓய்வைப் பறிப்பது வீதியன்று. வீதிக்கு முன்னும் பின்னும் நாம் வீணாக்கும் நேரமே. இத்தனை மணிக்கு வாருங்கள் என்று முறை குறித்துக் கொடுத்தால், ஆலைக்காரருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. சாரதிக்கோ நான்கு மணி நேர உறக்கம் கிட்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முதலாளிமார், ஓய்வு நாளுக்கும் ஒரு தொகை வைத்தால், அடுத்த நடைக்கு ஓடும் பதைப்புத் தணியும். நெடும்பயணத்துக்கு இரண்டு சாரதிகளை அனுப்பினால் செலவு கூடும் என்பது உண்மையே. கவிழ்ந்த லொறியின் செலவை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இரவுப் பயணமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இரவில் வெயிலில்லை, நெரிசலில்லை. மீனும் மரக்கறியும் பகல்வரை பொறுத்திரா. இரவில் ஓட்டுபவர் பகலில் உறங்கியிருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இல்லத்தரசிகள் இதில் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. இரவில் புறப்படவிருக்கும் கணவரோ மகனோ பகலில் படுத்திருந்தால், அதனைச் சோம்பல் என்று கருதாதீர்கள். அந்த உறக்கம் இரவு வேலையின் முதற்பகுதி. அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். பிள்ளைகளை முற்றத்தில் விளையாடச் செய்யுங்கள். கடைக்கும் கந்தோருக்கும் அவரை அனுப்பாதீர்கள். லொறி ஓடும் வேளையில் தொலைபேசியில் அழைத்து, எங்கே வருகிறீர்கள் என்று கேட்காதீர்கள்.

சாரதிமாருக்கும் ஒன்று சொல்வோம். வானொலியை உரக்க வைப்பதும், முகத்திற் காற்றுப் பட யன்னலைத் திறப்பதும் சிறிது நேரமே உதவும். கண் கனத்தால் ஒரே மருந்து நித்திரைதான். மலை ஏறுமுன் மகியங்கனையில், வெளிச்சமுள்ள பாதுகாப்பான இடத்தில் லொறியை நிறுத்தி, ஒரு கோப்பை கோப்பி குடித்து, கால்மணி நேரம் கண்மூடுங்கள். எழுந்தவுடன் புறப்படாது, முகங் கழுவிச் சற்று நடந்து, மயக்கம் தெளிந்தபின் ஓட்டுங்கள். ஆனால், அது கைம்மாற்றுக் கடனைப் போன்றது. முழு உறக்கத்துக்கு ஈடாகாது.

அரிசி மூடை ஒரு மணி நேரம் பிந்திச் சந்தைக்கு வந்தால் எந்த வீட்டிலும் உலை ஆறிவிடாது. அதனைக் கொண்டுவந்தவர் வீடு திரும்பாவிட்டாலோ, நாவிதன்வெளியில் ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிடும். சாரதியை அவசரப்படுத்துமுன் ஆலைக்காரரும், முதலாளியும், வியாபாரியும் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.