வலி போனது, விரிசல் போகவில்லை

2013 மார்ச் 31. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் காலிறுதி. இண்டியானாபொலிஸ் நகரில் டியூக் பல்கலைக்கழகமும் லூயிவில் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. முதல் பாதியில், டியூக் வீரர் ஒருவர் எறிந்த பந்தைத் தடுக்க எகிறினார் லூயிவில் அணியின் கெவின் வேர். காலை ஊன்றி இறங்கியபோது கீழ்க்கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சக வீரர்கள் தரையில் விழுந்து அழுதார்கள். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. எலும்புக்குள் உலோகத் தண்டு ஒன்றைச் செருகினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வேர் மறுபடி சீருடை அணிந்து ஆடினார்.

அன்று எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த ரயன் கெல்லியின் காயத்துக்கு இப்படியொரு காட்சியே கிடையாது. 211 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்தோடு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் கூடைக்குள் போடும் கை. 2012 மார்ச்சில், முக்கியமான ஆட்டங்கள் தொடங்க இருந்த வேளையில், பயிற்சியின்போது அவருடைய வலது பாதம் பிசகியது. அவர் இல்லாமல் இறங்கிய டியூக், தேசியத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே லீஹை என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் தோற்று வீடு திரும்பியது. அடுத்த ஆண்டு ஜனவரி 8, கிளெம்சன் அணியுடன் ஆட்டம். மறுபடி அதே பாதம். அந்த ஆட்டத்தையும் சேர்த்து அதுவரை ஆடிய 15 ஆட்டங்களிலும் டியூக் வென்றிருந்தது. கெல்லி ஓரத்தில் உட்கார்ந்திருந்த 13 ஆட்டங்களில் நான்கில் தோற்றது. மார்ச் 2 அன்று மயாமி அணிக்கு எதிராகத் திரும்பி வந்தவர் 36 புள்ளிகள் எடுத்தார். கல்லூரி நாட்களில் அவர் எடுத்த அதிகபட்சமே அதுதான். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் சுபம் போட்டிருப்பார்கள். நடந்தது வேறு: பருவம் முடிந்த கையோடு பாதத்தில் அறுவை சிகிச்சை. ஜூனில் தொழில்முறைத் தொடரான என்பிஏவின் லேக்கர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. கோடைக்கால ஆட்டங்களில் அவரால் இறங்க முடியவில்லை.

எலும்பே வெளியே தெரியும்படி முறிந்தவரிடம் யாரும் “நாளைக்கு ஆடுவாயா?” என்று கேட்பதில்லை. கொஞ்சம் நொண்டுபவரிடம்தான் கேட்பார்கள். தினமும் கேட்பார்கள். பாதக் காயங்கள் நாள்பட இழுப்பதற்கு இது பாதிக் காரணம் என்பேன். மீதிப் பாதி எலும்பின் உயிரியலில் இருக்கிறது.

கெல்லியின் மருத்துவக் கோப்புக்குள் நாம் போக வேண்டாம். கூடைப்பந்து வீரர்களின் பாதத்தை அதிகம் படுத்துவது எது என்று பார்த்தால், சுளுக்குக்கு அடுத்தபடியாக மருத்துவர்கள் அஞ்சுவது ‘ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்’. ஒரே அடியில் முறிவதல்ல இது. ஆயிரக்கணக்கான சிறு அடிகள் சேர்ந்து உண்டாக்கும் விரிசல். பாதத்தில் 26 எலும்புகள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை அதில் இறங்குகிறது. எகிறிக் குதிக்கையில் இன்னும் அதிகம். கூடைப்பந்தில் ஓட்டம் நேர்க்கோட்டிலும் இருப்பதில்லை. ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, பக்கவாட்டில் தள்ளி, மறுபடி எகிற வேண்டும்.

இதற்கெல்லாம் எலும்பு ஈடுகொடுக்கிறது, தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டிருப்பதால். ஆஸ்டியோகிளாஸ்ட் எனும் செல்கள் நைந்த பகுதியை அரித்து எடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனும் செல்கள் பின்னால் வந்து புது எலும்பை இடுகின்றன. வயது வந்த ஒருவரின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. சிக்கல் வேகத்தில். அரிக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். சுவரை இடிப்பவர்கள் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போக, கொத்தனார் நிதானமாக வருவதைப்போல. பயிற்சியைத் திடீரென்று கூட்டினால், இடித்த இடம் நிரம்புவதற்கு முன்பே அடுத்த அடி விழுகிறது. நுண்விரிசல் நீள்கிறது. பயிற்சி முகாம் தொடங்கிய சில வாரங்களில் இந்தக் காயம் தலைகாட்டுவது அதனால்தான்.

இதை முதலில் பதிவு செய்தவர் விளையாட்டு மருத்துவர் அல்லர், ராணுவ மருத்துவர். 1855இல் பிரஷ்யப் படையின் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் நடைபோட்ட சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். வீக்கத்துக்குள்ளே எலும்பில் விரிசல் இருந்தது தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

எல்லா விரிசலும் ஒரே மாதிரி அல்ல. பாதத்தின் நடுவிரல்களுக்குப் பின்னுள்ள எலும்புகளில் வந்தால், ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். இரண்டு இடங்கள் குறிப்பாகப் பொல்லாதவை. ஒன்று, பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலை நோக்கிப் போகும் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பின் அடிப்பகுதி. அங்கே இரண்டு பக்கத்து இரத்தக் குழாய்களுக்கும் நடுவில் இரத்தம் குறைவாகப் பாயும் ஒரு துண்டு இருக்கிறது. முறிவு அதில் விழுந்தால் சேர மறுக்கும். லிவர்பூல் அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் இந்தப் பகுதி முறிவுகளை 1902இல் விவரித்தார். அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர் அவரே. நடனமாடும்போது முறித்துக்கொண்டாராம்! இன்றும் அது ஜோன்ஸ் முறிவுதான்.

இரண்டாவது, பாதத்தின் மேல்வளைவில் உட்கார்ந்திருக்கும் நேவிகுலர் எலும்பு. ஓடும்போதும் எகிறும்போதும் முன்னும் பின்னும் உள்ள எலும்புகள் அதை நெருக்குகின்றன. விசை முழுக்க நடுப்பகுதியில் குவிகிறது. பலருக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருப்பதும் அந்த நடுப்பகுதியில்தான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை என்கின்றன பிந்தைய ஆய்வுகள். ஆனால் நெருக்கடி எல்லோருக்கும் உண்டு.

நேவிகுலர் விரிசலின் குணம் விசித்திரமானது. வலி ஓரிடத்தில் நிற்காது. பாதத்தின் மேல்பக்கம் எங்கோ லேசாக வலிக்கும். ஓய்வெடுத்தால் போய்விடும், ஓடினால் வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டும். இதனால் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போனவர்கள் நிறைய. நம்மூராக இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். மருத்துவர் கட்டைவிரலால் அந்த எலும்பின் மேல் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால், ஸ்கேன் வரும்வரை அதுதான் சிறந்த தடயம்.

வலியை மட்டும் எடுத்துவிட்டு ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு பில் வால்டனைச் சொல்லலாம். யுசிஎல்ஏ கல்லூரியின் நட்சத்திரம். 1977இல் போர்ட்லண்ட் அணிக்கு என்பிஏ கோப்பை வென்று தந்தவர். 1978இல் சியாட்டிலுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரில் வலிமறப்பு ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் நேவிகுலர் முறிந்திருந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அதற்குப் பிறகும் பாதம் அவரை நிம்மதியாக விடவில்லை. வலிமறப்பு ஊசி, காயத்தை எச்சரிக்கும் ஒரே குரலை அடைத்துவிடுகிறது. இதை ஆட்டக்காரரின் வீரம் என்று புகழ்வது எனக்கு ஒப்பவில்லை.

ஊசியே இல்லாமலும், முறையான சிகிச்சை எடுத்தும்கூட இது இழுக்கும். 2014 அக்டோபரில் என்பிஏ நட்சத்திரம் கெவின் டியூரண்டுக்கு ஜோன்ஸ் முறிவு. திருகாணி வைத்தார்கள்; டிசம்பரில் திரும்பினார். 2015 பிப்ரவரியில் இரண்டாவது அறுவை. மார்ச்சில் எலும்பு ஒட்டு வைத்து மூன்றாவது. முந்தைய பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றிருந்தவர், அந்தப் பருவத்தில் ஆடியது 27 ஆட்டங்கள்.

சரி, ஓய்வுதான் மருந்து என்றால் முழுதாக ஓய்வெடுத்துவிடலாமே? அங்கேயும் ஒரு முரண். எலும்புக்குச் சுமை வேண்டும். சுமையில்லாத எலும்பு தாதுக்களை இழக்கிறது. ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த பாதம், விரிசல் சேர்ந்தாலும், முன்பைவிட மெலிந்த எலும்போடுதான் வெளியே வருகிறது. கெண்டைக்கால் தசையும் சூம்பியிருக்கும். தரையின் அதிர்ச்சியை முதலில் வாங்க வேண்டியது அந்தத் தசைதான். அது களைத்தால் மிச்சம் எலும்புக்கு இறங்குகிறது. திரும்பி வந்த முதல் வாரத்தில் 40 நிமிட ஆட்டம் ஆட வைப்பது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

வீராங்கனைகளுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பயிற்சிக்கு ஈடான உணவு கிடைக்காவிட்டால் உடல் சிக்கனத்துக்கு மாறுகிறது. மாதவிடாய் நின்றுபோகலாம், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பை அரிக்கும் செல்களுக்குத் தடையில்லாமல் போகும். ஆண்களுக்கும் இதே குறைபாட்டில் எலும்பு மெலியும் என்பதால், 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தப் பிரச்சினையை இருபாலருக்கும் பொதுவானதாக வரையறுத்தது. விரிசலோடு வரும் கல்லூரிப் பெண்ணிடம் காலணியைப் பற்றி விசாரிக்கும் பயிற்சியாளர்கள், சாப்பாட்டையும் மாதவிடாயையும் பற்றி விசாரிப்பதில்லை. கேட்கக் கூச்சம் என்றால் அணி மருத்துவரிடமாவது அனுப்பலாம்.

தொழில்முறை அணிக்குக் காத்திருக்கும் வசதி இருக்கிறது. கேன்சஸ் கல்லூரியில் ஒரே ஆண்டு ஆடிய ஜோயல் எம்பீட், 2014 ஜூனில் நேவிகுலர் முறிவோடு இருந்தபோதே பிலடெல்பியா அணி அவரை மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டு அறுவைகள், முழுதாக இரண்டு பருவங்கள் வீண். 2016 அக்டோபரில்தான் முதல் ஆட்டம். 2023இல் மிகச்சிறந்த வீரர் விருது. கல்லூரி மாணவருக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. கெல்லியின் காலத்தில் ஆடுவதற்கு அவருக்கு இருந்தது நான்கு பருவங்கள். காயத்தால் ஒரு பருவம் போனால் கூடுதல் ஆண்டு கேட்க முடிந்தது. ஆனால் அணியின் ஆட்டங்களில் 30 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே ஆடியிருந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது. கெல்லி காயப்பட்டபோது 15 ஆட்டங்கள் ஆடியிருந்தார். அது அவருடைய கடைசி ஆண்டு.

அறுவை இல்லாமல் நேவிகுலர் விரிசலை ஆற்றும் முறை எளிமையானது, கொடுமையானது: ஆறிலிருந்து எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றாமல் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். இன்னும் வலித்தால் மேலும் இரண்டு வாரம் கட்டு. வலிக்காவிட்டால் நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு வேகம், கடைசியில் குதிப்பது. முழு ஆட்டத்துக்கு வர நான்கிலிருந்து ஆறு மாதம். கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும்.